கண்ணாடி இழைக்குச் சாம்பிராணி

இன்று சிராங்கூன் சாலையில் தொலைபேசிக் கேபிள் இணைக்கும் வேலை. பழைய செம்புக் கம்பி இல்லை. பேச்சை வெளிச்சமாக்கி அனுப்பும் புதிய கண்ணாடி இழை. முனையில் துளி தூசு பட்டாலும் இணைப்பு கெட்டுவிடும். அதனால்தான் நடைபாதையில் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு முறை இணைத்தேன். இரண்டும் கெட்டன.

"உன் கை சரியில்லை" என்று சூப்பர்வைசர் லிம் எல்லார் முன்னாலும் கத்தினார்.

மறுபடி முனையைத் துடைக்கும்போது கூடாரம் முழுக்கப் புகை. நிமிர்ந்தால், பக்கத்து மளிகைக்கடை அண்ணன் தூபக்காலோடு நிற்கிறார்!

"என்னண்ணே இது?"

"வெள்ளிக்கிழமைலா தம்பி. கடைக்குக் காட்டும்போது உங்க வேலையும் நல்லா நடக்கட்டும்னு ரெண்டு தரம் வெளிய நின்னே காட்டினேன். பலிக்கல. அதான் உள்ளயே வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் சாம்பிராணி வாசனை புதிதா என்ன? நானும் கவனிக்கவில்லை.

கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பினேன். புகை போனதும் எல்லாவற்றையும் துடைத்து இணைத்தேன். பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, உள்ள வந்து காட்டினதும் சரியாயிடுச்சு!" என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

லிம் அவரையும் இணைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நாளைக்கும் அவரை வரச் சொல்."

எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.