குரல் உடையாத வருஷங்கள்

எங்கள் சபையின் பாடகர் குழுவில் பையன்கள் பின் வரிசைக்குப் போக ஒரு வயது உண்டு. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவனுக்குத் தொண்டையில் கரகரவென்று சிக்கிக் குரல் உடையும். குழுவை நடத்திய டீச்சர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிப்பார். "போலே, அண்ணன்மாரோட போய் நில்லு" என்பார். மறுவாரம் அவன் பின் வரிசையில் நிற்பான். என்னோடு ஞாயிறு பள்ளிக்கு வந்த பையன்கள் எல்லோரும் அப்படி ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நான் மட்டும் பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் முன் வரிசையில், பெண்பிள்ளைகளோடு நின்று சோப்ரானோ என்ற மேல்குரலில் பாடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு நல்ல குரல் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையின் முதல் பாட்டின் முதல் அடியை நான் தனியாகப் பாட வேண்டும், இரண்டாம் அடியில்தான் மற்றவர்கள் சேர வேண்டும் என்பது சில வருஷமாகவே வழக்கமாகியிருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் என்னைப் பாட்டுக்காரப் பையன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதே குரல் மற்ற இடங்களில் என் மானத்தை வாங்கியது. அப்பா மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும்போது அவர் போனை நான் எடுத்தால், "ஏம்மா, சார் இல்லையா?" என்று கேட்பார்கள். நான் அம்மா இல்லை, மகன் என்று சொல்வதற்குள் வெட்கத்தில் குரல் இன்னும் மெலிந்துவிடும்.

பிளஸ் ஒன் சேர்ந்தபோது வகுப்பில் என்னைவிடக் குட்டையாக யாரும் இல்லை. மற்றவர்களுக்கு மீசை கறுத்திருந்தது. அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால் எல்லோரும் குளிக்கப் போவார்கள். எனக்குச் சளி என்று சொல்லிவிடுவேன். சட்டையைக் கழற்றினால், துண்டு மாற்றினால், என் உடம்பு இன்னும் சின்னப் பிள்ளையின் உடம்பு என்பது தெரிந்துவிடும். அப்பாவின் ரேசரை எடுத்து, ஒன்றுமே இல்லாத மேலுதட்டைச் சிரைத்துப் பார்த்திருக்கிறேன். சிரைத்தால் முளைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வெட்டுக்காயம்தான் மிச்சம்.

அந்த வருஷம் டிசம்பரில் பாட்டுப் பயிற்சி நடந்தது. பின் வரிசையில் நின்ற ஒருவன், நாலாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், பாட்டுப் புத்தகம் கேட்டான். "ஏட்டி, அத இங்கிட்டுக் குடு" என்றான்.

எங்கள் பக்கம் பையனை ஏலே என்று கூப்பிடுவோம், பெண்ணைத்தான் ஏட்டி. பின் வரிசை முழுக்கச் சிரித்தது. முன் வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் கீபோர்டைப் பார்த்துக் குனிந்து, "அடுத்த பாட்டு" என்றார்.

அந்தப் பாட்டையும் பாடி முடித்தேன். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு பாடகர் குழுவுக்குப் போகவில்லை.

அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏலே, என்னலே ஆச்சு? டீச்சர் ஏசுனாகளா?" பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றேன். அவள் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் முட்டையும் உளுந்தங்களியும் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு வைக்கிற களியை எனக்கு வைக்கிறாள் என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டேன். மருந்துக் கடையில் சொல்லி ஒரு லேகியம் வாங்கி வந்தாள். அது வயிற்றைக் கெடுத்ததோடு சரி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். எல்லாவற்றையும் பார்ப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அம்மாவோடு தையல் வேலை செய்த ஒரு அக்காதான், ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகள் டாக்டர் ஒருவர் இருக்கிறார், காட்டிப் பார் என்றார். பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்து, "பையனுக்கு அரை டிக்கெட்டா?" என்று அம்மாவிடம் கேட்டார். எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. அம்மா "முழு டிக்கெட்டு" என்று சொன்ன வேகத்தில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, பாசிமணி மாலை மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார். சிறிதிலிருந்து பெரிதாகக் கோத்த முட்டை வடிவ மணிகள். விரையின் அளவை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "பயப்படாதப்பா, எல்லாம் நல்லா இருக்கு" என்றார். ரத்தம் எடுக்கவும் இடது கையை எக்ஸ்ரே எடுக்கவும் எழுதிக் கொடுத்தார். குரலுக்குக் கையை ஏன் படம் எடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, விரல் எலும்புகளின் நுனியில் இருந்த இடைவெளிகளைக் காட்டினார். என் வயது பதினாறு, ஆனால் எலும்பின் வயது பதிமூன்றுதான் என்றார்.

"இது நோய் இல்ல. மூளைக்குள்ள ஒரு சின்ன இடத்துல இருந்து கட்டளை கிளம்பணும். அது கிளம்புனாத்தான் விரை வேலையத் தொடங்கும். அப்புறம்தான் உயரம், குரல், மீசை எல்லாம். சத்துக் குறைவு இருந்தா அது பிந்தும், ரொம்ப நாள் இழுத்த வியாதி இருந்தாலும் பிந்தும். உங்க பையனுக்கு அந்த மாதிரி எதுவும் தெரியல. இந்த மாதிரி பிந்துறது பெரும்பாலும் குடும்பத்துல வரும்." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப மீசை வந்துச்சு?"

அப்பா சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"மில்லுக்கு வேலைக்குப் போன பொறவுதான் டாக்டர்" என்றார் அப்பா. "பத்தொம்பது இருக்கும்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"ரெண்டு வருஷம் முன்னால வந்திருந்தா, சின்ன அளவுல கொஞ்ச மாசம் ஹார்மோன் ஊசி போட்டுத் தூண்டி விட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். "இப்ப அவனுக்குத் தானாவே தொடங்கிருச்சு. வெளிய தெரியத்தான் நாளாகும். இனி காத்திருந்தாப் போதும்."

திரும்பும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது அம்மா கேட்டாள். "பிள்ள எம்புட்டு அழுதிருப்பான். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "மில்லுல சேந்தப்ப எனக்குப் பாப்பான்னு பேரு. கூட வேல பாத்தவன்ல இருந்து கேன்டீன்காரன் வரைக்கும் எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிட்டான். மீச வந்த பொறவும் கொஞ்ச நாள் அந்தப் பேரு போகல. அத மறுபடி வாயால சொல்ல முடியல. எனக்கு வந்துட்டுல்லா, இவனுக்கும் வந்துரும்னு இருந்துட்டேன்."

எனக்கு வியாதி இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். மறுபக்கம், அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "நானும் இப்படித்தான்லே இருந்தேன்" என்ற ஒரே வாக்கியம். அது கிடைத்திருந்தால் அந்த டிசம்பரில் நான் பின் வரிசையைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூட முடியும். அப்பாவும் அந்த வயதில் இதே மாதிரி தனியாக நின்றவர்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது எங்களுக்குள் பேச்சு குறைந்து பழகிவிட்டிருந்தது. இன்றும் நாங்கள் கரண்ட் பில்லையும் கிரிக்கெட்டையும் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தபோது என் குரல் உடைந்தது. காலையில் மெஸ்ஸில் "அண்ணே, ஒரு டீ" என்று கேட்டேன். 'டீ' மட்டும் வேறு யாருடைய குரலிலோ வந்தது. டீ ஊற்றியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று நான்கு வருஷம் ஏங்கிக் காத்திருந்த விஷயம் அப்படி, யாருக்கும் தெரியாமல், ஒரு டம்ளர் டீயோடு நடந்து முடிந்தது. அதன் பிறகு உடம்பு மளமளவென்று வளர்ந்தது. இருபத்தொரு வயதில் அப்பாவைவிட உயரம் ஆகியிருந்தேன். இப்போது ஒரு மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். பார்க்கிறவர்கள் யாரும், இவன் ஒருகாலத்தில் அரை டிக்கெட் ஆள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் குழுவை விட்ட அடுத்த வருஷமே டீச்சர் பள்ளிக்கூட வேலையில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஓய்வு பெற்று, வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில் தம்பி வீட்டோடு இருக்கிறார் என்று போன வருஷம்தான் தெரிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் பைக்கில் போனேன். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த வருஷம், எந்தப் பாட்டு என்று சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவன் உன்னைய அப்படிக் கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார். "நான் அவன ஏசுனா உனக்கு இன்னும் அவமானமாப் போகுமேன்னு விட்டுட்டேன். அது தப்பு தம்பி. பிந்தி உடையிற குரல நான் நெறையப் பாத்திருக்கேன். உன்னைய அப்பவே சோப்ரானோவுக்கு ஒரு படி கீழ, ஆல்டோவுக்கு எறக்கி, ஆம்பளப் பிள்ளைங்க பக்கத்துல நிக்க வச்சிருக்கலாம். ஒங்கிட்ட தனியா ஒரு வார்த்த பேசியிருக்கலாம். உங்க வீட்டுலயும் யாரும் பேசலயா?"

"இல்ல டீச்சர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அறைக்குள் போய்ப் பழைய கீபோர்டின் மேல் கிடந்த துணியை எடுத்தார். கட்டையை அழுத்தி, அந்தச் சுரத்தைப் பிடிக்கச் சொன்னார். என் காதுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தொண்டை வேறு எங்கோ போனது. அவர் கீழே கீழே இறங்கினார், நான் அங்கேயும் தடுமாறினேன்.

"நல்ல பேஸ் குரல்ப்பா, கனமான அடிக்குரல்" என்றார். "சும்மா போட்டு வச்சிட்டே. குரல் உடையிற சமயத்துல பாடிக்கிட்டே இருந்திருந்தா, அது தன்னால எடம் பிடிச்சிருக்கும். இப்பப் புதுசாத்தான் பழகணும்."

ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் போகிறேன். அவருக்கு மூச்சிரைப்பு இருப்பதால் அதிக நேரம் உட்கார முடிவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முதல் பாட்டுகளையே மெதுவாகப் பாடிப் பார்க்கிறோம். சில வரிகள் சரியாக வருகின்றன. நான் பாடுகிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டே வருகிறேன். வாசலில் பைக்கை நிறுத்தும்போது, "எங்க போயிட்டு வாரே?" என்று கேட்கிறார். "சும்மாதான்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.