லோகாம்பாளின் வேப்பங்கொத்து

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் கூடையைத் தொடாத ஒரே பெண் லோகாம்பாள். புருஷன் கடலோடு போன மறுநாளே, "இனிமே இந்தக் கடலு சோறு எனக்கு வாணாம்" என்று சொல்லி ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினாள். பொல்லாத பிடிவாதக்காரி. பக்கத்து வீட்டுக்காரியான நான் அவளோடு எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒரு குட்டி ஒன்பது ஆடானது. பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளைகள் அதுகள்தான்.

இந்த மாசியில் கிடாவுக்கு உதட்டிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பியது.

"அக்கா, அம்மா வந்துக்கிறா" என்றாள்.

மனுஷருக்கு அம்மை போட்டால் செய்வதையே செய்தாள். வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கிடாவின் கொப்புளங்களில் தடவினாள். ஆத்தா மற்றவற்றையும் காக்க வேண்டுமென்று, அதே கொத்தால் ஒவ்வோர் ஆட்டையும் நீவிவிட்டாள். சினையாக இருந்த செவலை மட்டும் மிரண்டு ஓடியது. கொத்தை ஒடித்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

பத்து நாளில் செவலையைத் தவிர கொட்டகை முழுக்கக் கொப்புளம். இரண்டு ஆடு செத்த பிறகுதான் கால்நடை டாக்டரம்மா வித்யாவைக் கூப்பிட்டோம். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"ஒரே கொத்தால தடவி நீங்களே ஒட்ட வச்சிட்டீங்களேம்மா. செவலையைத் தள்ளிக் கட்டுங்க. நீங்க தொடாதீங்க, உங்க கையில, புடவையில எல்லாம் கிருமி இருக்கும்."

லோகாம்பாள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிச்ச ஆறும் அந்த வாரமே போயின. எங்கள் மண்ணில் இரண்டடி தோண்டினால் தண்ணீர்; மேட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். செவலையை என் கொல்லையில் கட்டி நான் தழை போட்டேன். சனியன், என் கையில் ஒழுங்காகத் தின்னவில்லை. லோகாம்பாள் குரல் கேட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அவள் வேலிக்கு அப்பால், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பாள்.

"கத்தாதடி. நான் தொட்டா நீ செத்துடுவடி."

ஒன்பதாம் நாள் காலை செவலையின் வாலடியில் கொப்புளங்களைப் பார்த்தேன். மறைக்க மனசு வரவில்லை. போய்ச் சொன்னேன்.

அழவில்லை பாவி. வேலியோரம் வந்து என்னைப் பார்த்தாள்.

"அப்டீன்னா, இனிமே தொடலாம்ல அக்கா?"

"தொடு" என்றேன்.

உள்ளே வந்து மண்ணில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.