முந்தியில் விழுந்த கோடு

என் அண்ணி புவனேஸ்வரி கூரம் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது தறியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இன்று எங்கள் தெருவில் புடவைக்குக் கரை போட அவளை விட்டால் ஆளில்லை. அண்ணன் மயில்வாகனம் புடவையின் உடலை நெய்வான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். ஒருவர் எழுந்தால் இன்னொருவருக்கும் வேலை நின்றுபோகும். உங்கள் வீட்டில் தலைவலி வந்தால்கூட இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று நான் கேலி செய்வேன்.

போன ஆடியில் குளிக்கும்போது அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனார் என்னிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்கே அவளை எங்கள் பகுதிச் சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் மார்புக் கட்டிக்கென்றே தனியாகப் பார்க்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

வியாழன் வந்தது, அண்ணி போகவில்லை. தறியில் ஒரு கல்யாணப் புடவை ஏறியிருந்தது. உடலின் நிறம் முடிந்து முந்தியின் நிறம் தொடங்கும் இடத்தில், நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புது இழைகளைக் கோத்து நெய்ய வேண்டும். நடுவில் பாவைத் தளர்த்தி நிறுத்தினால் துணியில் கோடு விழும். கோடு விழுந்த புடவை அண்ணன் தறியிலிருந்து இறங்கியதே இல்லை. முந்தி முடியட்டும், அடுத்த வாரம் போகலாம் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்துக்குப் புடவை ஒரு சாக்கு. அது எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் குழம்பில் உப்பில்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு. கை போய்ப்போய் அந்த இடத்தையே தொட்டுப் பார்த்தது. காமாட்சியம்மன் கோயில் குங்குமப் பொட்டலங்கள் அலமாரியில் குவிந்தன. செல்போனில் கண்டதையும் தேடிப் படித்தாள். பிடுங்கி என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொல் என்றால், அவர் தாங்கமாட்டார் என்றாள்.

அடுத்த வியாழன் காலை முந்தியைக் கோக்கும் வேலை பாதியில் இருந்தது. இழை எடுத்துக் கொடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். அண்ணி கரை நாடாவை மறுபடி மறுபடி தப்பாகத் தள்ளினாள். அண்ணன் கையை நிறுத்தினான்.

"இன்னா ஆச்சு புவனா?"

"மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக்கிறாங்க."

அண்ணன் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தான். எழுந்துபோய் இறுக்கியிருந்த பாவு நூலைத் தளர்த்தினான். அண்ணி பதறிப்போய், கோடு விழுந்துவிடுமே என்றாள்.

"விழட்டும்மா. புடவையிலதானே."

ஆஸ்பத்திரியில் அறைக்குள் ஆண்களை விடவில்லை, அண்ணியோடு நான் போனேன். அண்ணன் வாசலிலேயே நின்றான். பெஞ்சு காலியாகியும் உட்காரவில்லை. டாக்டர் கலைவாணி சின்னப் பெண்தான். கை வைப்பதற்கு முன்பே, இங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, எதுவானாலும் சீக்கிரம் வந்தது நல்லது என்று சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அண்ணன் தறிப்பக்கம் போகவில்லை. அண்ணி அழுதால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை, அவளுக்குப் போதுமாயிருந்தது.

சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. அவ்வப்போது வந்து காட்டினால் போதுமாம். அண்ணி அந்த டாக்டர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் நர்ஸம்மாவுக்கு மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட இட்லி செய்து எடுத்துக்கொண்டு போனோம். நர்ஸம்மாவும் அந்த டாக்டரும் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

மீதி முந்தியும் நெய்து முடிந்து புடவை தறியிலிருந்து இறங்கியது. முந்தி தொடங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அண்ணி அதை விரலால் தடவி, என்னால்தானே இந்தக் கோடு என்றாள். தெருமுனையிலிருந்தே அடுத்தவன் புடவையில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிறவன் என் அண்ணன். புடவையை வாங்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மடித்தான்.

"எந்தக் கோடு?" என்றான்.