சாமிக்கு நேர்ந்த முடி

மகள் படிக்கும் பள்ளியிலிருந்து நேற்று வாட்ஸ்அப் செய்தி வந்தது. வியாழக்கிழமை தாதியர் வந்து பிள்ளைகளின் பல், நகம், தலை பார்ப்பார்களாம். படித்து முடிப்பதற்குள் என் கை தலைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே முடியும் இல்லை, புண்ணும் இல்லை.

முதலாம் வகுப்பில் எனக்குப் பின்னல் இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் நான் பிழைத்தால், பள்ளிக்குப் போகும் வயதில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் முடி இறக்குவதாக அம்மா முருகனிடம் நேர்ந்திருந்தார். அதுவரை கத்தரி படக்கூடாது. பையனாக இருந்தும் வகுப்பில் என் பெயர் தங்கச்சி.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பின்னலுக்கடியில் புண் வந்தது. அரிப்பில் என்னால் உட்கார முடியவில்லை. ஆசிரியர் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அனுப்பினார். மாதத்தில் ஒருநாள் அங்கே தாதி வருவார். மலாய்க்காரர். மிஸி என்போம். சொறி, சிரங்கு, கண்வலி எல்லாவற்றுக்கும் அவர்தான். பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவன் விடாமல் காலாட்ட, பெஞ்சு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது.

மிஸி என் முடியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். நான் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன். விஷயத்தைச் சொல்லத் தெரியவில்லை. அம்மா, அம்மா என்றேன். ஆளனுப்பினார்கள்.

அம்மாவுக்குக் குவீன் தெருவில் மசாலா அரைக்கும் கடையில் வேலை. மிளகாய்த்தூள் ஒட்டிய கைகளோடு ஓடி வந்தார்.

"வெட்டாதீங்க மிஸி. அது சாமி முடி."

மிஸிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "சிக்கிட் சஜா, அக்கா," என்று விரல்நுனியில் அளவு காட்டினார். "கொஞ்சம்தான். மருந்து உள்ள போகணும்லா."

"சாமிக்குக் கொறைச்சா குடுக்கறது?"

மிஸி புண்ணைச் சுற்றி மட்டும் வெட்டினார். ஒரு முடியும் கீழே விழாமல் காயத்துக்குக் கட்டும் துணியில் வாங்கிக்கொண்டார். ஊதா மருந்தைத் தடவிவிட்டு, ஊதா விரல்களாலேயே துணியை மடித்து நீட்டினார். "இதும் சேத்துக் குடு."

மசாலாக் கையால் அம்மா அதைத் தொடவில்லை. என் சட்டைப் பையில் போடச் சொன்னார். பள்ளி விடும்வரை நான் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் தங்கச்சி, உள்ள என்னடா, கோழிக்குஞ்சா?" என்றான் பின்னால் இருந்தவன்.

வீட்டில் பொட்டலம் சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. வேலைக்குப் போகுமுன்பும் வந்தபின்பும் அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார்.

தைப்பூசத்தன்று நாவிதர் என் தலையை மழித்து, முடியைக் கூடையில் போட்டார். அம்மா துணியை விரித்து அதே கூடையில் உதறினார். கொஞ்சம் விழுந்தது. மீதி மருந்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட ஆரம்பித்தார்.

"அக்கா, நகருங்கக்கா. வெயிலு ஏறுது," என்றது வரிசை.

"போதும்மா," என்றார் நாவிதர். "முருகன் எண்ணியா பாக்கப் போறாரு?"

"நான் பாப்பேன்ல," என்றார் அம்மா, தலை நிமிராமல்.

கடைசியில் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அதன் பிறகுதான் என் தலையில் சந்தனம் பூசினார். அதற்கடியிலும் ஊதா தெரிந்தது.