புங்கமரத்து வளைவில் விரால்

பாபநாசத்துக்குத் தெற்கே ஓடும் வாய்க்காலில், கல்யாணமாகி வந்த வருஷமே ராஜாத்தி தூண்டில் போடத் தொடங்கிவிட்டாள். நடவும் களையும் இல்லாத நாளில் குழம்புக்கு வழி அதுதான். கெண்டையோ கெளுத்தியோ, அவள் பிடித்ததைத்தான் வீடு தின்றது, கொழுந்தன் பெண்டாட்டியாக நாகம்மாள் வந்து சேரும்வரை.

நாகம்மாளுக்கு விரால் விழுந்தது. அதே புழு, அதே மூங்கில் கழி. இவளுக்குக் கெண்டை, அவளுக்கு விரால். "சின்னவ கைராசிக்காரி" என்று ராஜாத்தியின் புருஷனே சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். அன்று ராஜாத்திக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் தண்ணீர் வந்த கையோடு, புங்கமரத்து வளைவில் ஒரு ஜோடி விரால் குஞ்சு பொரித்திருந்தது.

"குஞ்சு பிரியட்டும்க்கா. இப்பத் தாயைப் பிடிச்சா பாவம். அப்புறம் ரெண்டும் எனக்குத்தான்" என்று சிரித்தாள் நாகம்மாள்.

"ஆமா, வாய்க்கால உம் பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கு."

வாய்க்காலின் மேல்பக்கம் உள்ள ரைஸ் மில்லில், நெல் ஊறவைத்த தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுவார்கள். அது பட்டால் மீன் செத்து மிதக்கும். முதலில் பார்ப்பவர் மதகில் பலகையை இறக்கி, அதை வடிகால் பக்கம் திருப்பிவிட வேண்டும். யாரும் சொல்லாமலே ஊர் கடைப்பிடிக்கும் வழக்கம் அது.

அன்று காலை மதகடியில் நின்றவள் ராஜாத்தி. புளித்த நாற்றத்தோடு மஞ்சள் நுரை வந்தது. பலகையில் கை வைத்தாள். கீழே வளைவில் நாகம்மாள் யாரிடமோ கையை விரித்து, தன் விராலின் நீளத்தை அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். ராஜாத்தியின் கை அப்படியே நின்றது. நுரை மதகைத் தாண்டிப் போனது. பிறகுதான் பலகையை இறக்கினாள்.

"அக்கா! குடத்த எடுத்துக்கிட்டு ஓடியாங்க!"

வளைவில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கரையோரம் ஒதுங்கித் துடித்தது. பாதிக்கு மேல் செத்து மிதந்தன. நாகம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிச்சத்தை முந்தானையால் அள்ளிக் குடத்தில் விட்டாள்.

"குளத்துல விட்டுருவோம்க்கா. எந்தப் பாவி பாத்துட்டுப் பேசாமப் போனானோ! நீங்க பலகையப் போடலேன்னா இதுவும் தேறாது."

ராஜாத்தி குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தாய் விரால் ஓடிப்போகாமல் நாகம்மாளின் காலையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதும் ராஜாத்திக்கு வயிறு எரிந்தது.

"அதுக்கும் உன்னத்தாண்டி தெரியுது" என்றாள். குடம் கனத்தது. குளத்தங்கரை வரை அதை நாகம்மாளிடம் கொடுக்காமல் அவளே சுமந்தாள்.