வெடிக்குள் போன பாதி நாவல்

தீபாவளிக்கு மறுநாள் வாசல் கூட்டுகையில், வெடித்த தாளில் கருகாத ஆங்கில எழுத்து கண்ணில் பட்டால் போதும், அறுபதுகளில் நாரணாபுரத்தில் இருந்த சித்தப்பாவின் பட்டாசுக் கம்பெனி கந்தக நெடியோடு திரும்பி வந்துவிடும். அங்கே பழைய புத்தகங்களைக் கிழித்துத்தான் வெடிக்குக் குழாய் சுருட்டுவார்கள். சித்தப்பா கல்லூரியிலிருந்து கொண்டுவந்து பாதி மட்டுமே படித்திருந்த விக்டோரியா காலத்து நாவலின் பின்பாதியும் தவறிப்போய் அப்படிக் குழாயாகிவிட்டது.

பொறி பறக்கும், உலோகம் ஆகாதென்று கொலுசைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வரும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, மிஞ்சிய கதையைச் சித்தப்பா தமிழில் சொல்வார்: கயிறு திரிக்கும் கிழவர் வளர்த்த அநாதைப் பையன் லண்டனில் பெரிய மனிதனாகி, தேடி வந்த கிழவரிடம் தான் வீட்டில் இல்லையென்று சொல்லச் சொல்கிறான்.

“பெறகு திருந்துனானா மொதலாளி?” என்பாள் மாரியம்மா.

“திருந்தாம எங்கன போவான்?” என்பார் சித்தப்பா.

அடுத்த சீசனில் ஆர்டர் குவிந்தது. சித்தப்பா தரையை விட்டு ஆபீஸ் மேஜைக்குப் போனார், கதை நின்றது. வெடிமருந்து அறைக்குள் ஆட்கள் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். அதைச் சொல்ல மாரியம்மா வந்தபோது, “இல்லைன்னு சொல்லுலே” என்றார் சித்தப்பா வாட்ச்மேனிடம்.

“அவன் திருந்துற பக்கத்தைப் பூராம் நாமதேன் சுருட்டிப்புட்டோம்” என்று சிரித்துக்கொண்டே அவள் வெறுங்காலோடு அந்த அறைக்கே திரும்பிப் போனாள்.

அன்று மத்தியானமே அந்த அறை வெடித்தது. வாசலில் கொலுசுகள் அப்படியே இருந்தன.

மறுநாள் அவற்றைத் துண்டில் முடிந்துகொண்டு சித்தப்பா வீடு வீடாக நடந்தார்; நானும் கூடப் போனேன். மாரியம்மா வீட்டு வாசலில் அவர் நின்றபோது, உள்ளேயிருந்து அவள் மகளின் குரல் கேட்டது: “ஆளு இல்லைன்னு சொல்லு.”