தாய்லாந்தில் அடகு போன என் பாஸ்போர்ட்

ஒரகடத்தில் நாங்கள் வேலை செய்யும் கம்பெனி, எங்கள் அசெம்பிளி லைன் ஆட்களைத் தாய்லாந்துக்கு டூர் அனுப்பியது. விமானம் இறங்கி, வேனில் போய்ச் சேர்ந்தது ஒரு கடலோரச் சிற்றூர். சுற்றிப் பார்க்க வாடகை ஸ்கூட்டர்தான். அதற்கு பாஸ்போர்ட்டை அடகு கேட்டார்கள். என் அறையில் தங்கிய சேகர், நான் தூங்கும்போது என் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வண்டி எடுத்து, கீழே போட்டு உடைத்துவிட்டான். கிளம்பும் நாளில் வண்டிக் கடைக்காரர், நஷ்டத்தைக் கட்டாமல் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தார்.

"உன்னுதுதான் கைக்கு ஆப்டுச்சு, இன்னா இப்போ?" என்று சேகர் வேனில் ஏறிவிட்டான். என் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து பாஸ்போர்ட்டை மீட்டேன்.

விடுவேனா? இப்போதெல்லாம் அவன் என் பைக்கைக் கேட்டால், கம்பெனி ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டுதான் சாவி தருகிறேன். நேற்று பைக்கில் வாலாஜாபாத் போனவன் திரும்பும் முன்பே, அவன் கார்டோடு கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். கம்பெனி கேட்டிலிருந்து போன் செய்தான்.

"செக்யூரிட்டி உள்ள வுட மாட்டேன்றான். கார்டு எங்கடா?"

"பத்திரமா கீது. என் மோதிரம் எங்க கீது?" என்றேன்.